கல்லாவும் கணக்கும்: விற்பனை முனையம் குறித்த நம்பிக்கைகளும் உண்மைகளும்

சில்லறைக் கடையில் ஒரு பொருள் விற்கப்படும் தருணத்திலேயே அதன் பெயர், அளவு, விலை, வரி, பணம் வந்த வழி ஆகியவற்றைப் பதிந்து, அப்போதே இருப்பிலிருந்தும் கழித்துக்கொள்ளும் மென்பொருளும், அதனோடு இணைந்த ஸ்கேனர், தராசு, பில் அச்சுப்பொறி, கல்லாப்பெட்டி ஆகியவையும் சேர்ந்த அமைப்பே விற்பனை முனையம் எனப்படுகிறது. தமிழ்நாட்டில் நியாயவிலைக் கடை முதல் பல்பொருள் அங்காடி வரை இது பரவியுள்ள போதிலும், இதைப் பற்றிய தவறான எண்ணங்களால் வணிகர் சிலர் இதை ஒதுக்குகின்றனர். வேறு சிலர் வாங்கிவைத்தும் பயன்பெறாமல் இருக்கின்றனர்.

நம்பிக்கை 1: இது விரைவாகப் பில் போடும் இயந்திரம், அவ்வளவே.

உண்மை: விரைவு இதன் பயன்களுள் சிறியது. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், டேட்டன் நகரில் மதுக்கடை நடத்திய ஜேம்ஸ் ரிட்டி 1879இல் காப்புரிமை பெற்ற பணப்பதிவுப் பொறி, பணியாளர்கள் கல்லாவில் கைவைப்பதைத் தடுக்க உருவானது; அது வந்த பணத்தைக் காட்டியதேயன்றி விற்ற பொருளைக் காட்டவில்லை. அதே மாநிலத்தின் டிராய் நகர அங்காடியொன்றில் 1974 ஜூன் 26 அன்று ஒரு சூயிங்கம் பொட்டலத்தின் யுபிசி வகைப் பார்கோடு முதன்முதலாக விற்பனையில் ஸ்கேன் செய்யப்பட்ட பின்னரே அக்குறை படிப்படியாக நீங்கியது. எந்தச் சரக்கு எந்த நாளில் எத்தனை போனது, எது மாதக்கணக்கில் தேங்கிக் கிடக்கிறது, எதில் லாபம் நிற்கிறது என்பவையெல்லாம் இன்று பில் பதிவிலிருந்தே தெரியவருவதால், அடுத்த கொள்முதலை ஊகத்தை விட்டுக் கணக்கைக் கொண்டு செய்ய முடிவதே இதன் தலையாய பயன்.

நம்பிக்கை 2: விலை பார்கோடிலேயே இருக்கிறது, 890 என்று தொடங்கினால் அப்பொருள் இந்தியாவில் செய்யப்பட்டது.

உண்மை: பொட்டலங்களில் பரவலாகக் காணப்படும் 13 இலக்கப் பார்கோடு, பொருளை அடையாளம் காட்டும் எண் மட்டுமே, அதன் கடைசி இலக்கம், மற்றவை சரியாகப் படிக்கப்பட்டனவா என்று சோதிப்பதற்கானது. 890 என்னும் தொடக்கம், அந்த எண் ஜிஎஸ்1 அமைப்பின் இந்தியக் கிளை வழியாக வழங்கப்பட்டதைக் குறிக்குமேயன்றி உற்பத்தியான நாட்டைக் குறிக்காது. விலை இருப்பது கடையின் தரவுத்தளத்தில்தான். ஆகவே, பழைய எம்ஆர்பி, அதாவது அதிகபட்சச் சில்லறை விலை, அச்சிட்ட சரக்கும் புதிய விலை அச்சிட்ட சரக்கும் ஒரே எண்ணோடு ஒரே அலமாரியில் இருக்கக்கூடும். இரண்டையும் தனித்தனித் தொகுதிகளாகக் கொள்முதலில் பதிந்திருந்தால், பில் போடும்போது உரிய விலையைத் தெரிந்தெடுக்கலாம். பதியாவிட்டால் பழைய பொட்டலத்துக்குப் புதிய விலை விழுந்து, எம்ஆர்பிக்கு மேல் விற்ற குற்றம் கடையைச் சேரும்.

நம்பிக்கை 3: சிறிய மளிகைக் கடைக்கும் உதிரிச் சரக்குக்கும் இது ஒத்துவராது.

உண்மை: துவரம்பருப்பு, வெல்லம் போன்றவற்றுக்குக் கடையே தனக்குள் மட்டும் செல்லும் குறியெண்ணைக் கொடுத்துக்கொள்ளலாம். 20 முதல் 29 வரையிலான தொடக்கங்கள் இத்தகைய உள்பயன்பாட்டுக்கென ஒதுக்கப்பட்டவையாதலால், லேபிள் அச்சிடும் மின்னணுத் தராசு எடையையோ விலையையோ எண்ணுக்குள்ளேயே சேர்த்துவிடுகிறது. முன்னர்ச் சொன்ன விதிக்கு இது விலக்கு. கைபேசியில் இயங்கும் மென்பொருள்களும், இணையம் துண்டித்தாலும் பில் போட்டுப் பின்னர்ச் சேர்த்துக்கொள்பவையும் கிடைக்கின்றன.

நம்பிக்கை 4: கணினிப் பில் வந்தால் வரியும் வந்துவிடும்.

உண்மை: வரிப் பொறுப்பைத் தீர்மானிப்பது கருவியன்று, விற்றுமுதல். தமிழ்நாட்டில் சரக்கு மட்டும் விற்பவரின் ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாயைத் தாண்டினால், அவர் கையால் பில் எழுதினாலும் ஜிஎஸ்டி பதிவு பொதுவாகக் கட்டாயம். 2025 செப்டம்பர் 22 முதல் தலைக்குத் தேய்க்கும் எண்ணெய், பற்பசை முதலியவற்றின் வரி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாக இறங்கியபோது, பொருட்பட்டியலில் ஒருமுறை செய்த திருத்தமே எல்லாப் பில்களுக்கும் போதுமானதாக இருந்தது. ஆனால், எச்எஸ்என் எனப்படும் சரக்கு வகைப்பாட்டுக் குறியீட்டோடு வரி விகிதமும் தவறாக ஏற்றப்பட்டிருந்தால், அதே பிழை ஒவ்வொரு பில்லிலும் தொடரும் என்பதால் தணிக்கையாளரின் தேவை நீங்கிவிடுவதில்லை.

நம்பிக்கை 5: இது இருந்தால் திருட்டு நின்றுவிடும், சரக்கை எண்ண வேண்டியதில்லை.

உண்மை: திரை காட்டுவது ஏட்டிருப்பு, அலமாரியில் உள்ளது கையிருப்பு. பில் இல்லாமல் வெளியேறிய பொருள், எலி கடித்த மூட்டை, வெவ்வேறு வாசனை கொண்ட மூன்று சோப்புகளில் ஒன்றை மட்டும் ஸ்கேன் செய்து எண்ணிக்கையில் மூன்று என்று தட்டியது ஆகிய எல்லாமே இவ்விரண்டையும் பிரிக்கின்றன. பணியாளர் ஒவ்வொருவருக்கும் தனிக் கடவுச்சொல் இருந்தால், எந்தப் பில் யாரால் எப்போது ரத்தானது என்பது பதிவாகும். ஆயினும் அலமாரிகளை முறைவைத்து எண்ணும்போதுதான் குறை வெளிப்படும். வந்த சரக்கைக் கொள்முதலில் ஏற்றாமலே விற்கும் கடையில் இருப்பு பூஜ்யத்துக்குக் கீழே இறங்கி நிற்கும். அவ்வாறு இறங்கிய பொருள்களின் பட்டியலை எடுத்து, அவற்றின் கொள்முதல் பில்களோடு ஒப்பிடுவதே கணக்கைச் சீராக்குவதற்கு எளிய தொடக்கம்.