மெமரி செட்டிங்கை மாற்றியதும் கம்ப்யூட்டர் கிராஷ் ஆகிறதா?

வேகம் கூடும் என்று பயாசில் ஒரு மெமரி செட்டிங்கை மாற்றியிருப்பீர்கள். மறுநாளில் இருந்து ப்ரவுசர் தானாக மூடிக்கொள்ளும். நீலத் திரை வரும் (2025க்குப் பிந்தைய விண்டோஸ் 11ல் இது கறுப்புத் திரை). உடனே பலரும் செய்வது விண்டோசை மீண்டும் இன்ஸ்டால் செய்வது. அதுதான் பெரிய தவறு. நானும் அதைச் செய்து மாட்டிக்கொண்டவன்தான்.

என் மாமா வீட்டு கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இருந்த 8 ஜிபி ராமுடன் வேறு கம்பெனியின் 8 ஜிபி ராம் ஒன்றைச் சேர்த்து, எக்ஸ்எம்பியை ஆன் செய்தேன். இரண்டே நாளில் கிராஷ். வைரஸ் என்று நினைத்து, போட்டோக்களை எல்லாம் எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் காப்பி செய்துவிட்டு, ஹார்ட் டிஸ்க்கை ஃபார்மட் செய்தேன். பிறகு அத்தை திறந்து பார்த்தபோது, கல்யாணப் போட்டோக்கள் சிலவற்றில் பாதிப் படம் வெறும் சாம்பல் நிறமாக இருந்தது. ஒரிஜினலும் போய்விட்டது.

ஏன் இப்படி?

நீங்கள் காப்பி செய்யும் ஃபைல், ராம் வழியாகத்தான் போகிறது. ராமில் ஒரு பிட் மாறினாலும் அந்தத் தவறே டிஸ்க்கில் பதிவாகும். வீட்டு கம்ப்யூட்டர்களின் சாதாரண ராமில் இதைத் திருத்தும் ஈசிசி வசதி கிடையாது. அதனால் எந்த எச்சரிக்கையும் வராது.

டிடிஆர்4 ராமின் அட்டையில் 3200 என்று போட்டிருந்தாலும், பல ராம்கள் 2133 அல்லது 2400 வேகத்தில்தான் முதலில் இயங்கும். எக்ஸ்எம்பி என்பது ராம் தயாரிப்பாளர் அதிலேயே பதிந்து வைத்த வேகமான செட்டிங் தொகுப்பு. அதை ஆன் செய்தால் வேகம் கூடும். வோல்டேஜும் வழக்கமான 1.2ல் இருந்து பெரும்பாலும் 1.35க்கு உயரும். ஆனால் ஒரு ராமுக்கான தொகுப்பு பக்கத்தில் உள்ள இன்னொரு ராமுக்கும், உங்கள் பிராசசருக்கும் ஒத்துவரும் என்று உறுதி இல்லை.

இனி செய்ய வேண்டியவை:

1. காப்பி, பேக்கப், ரீஇன்ஸ்டால் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். பழைய பேக்கப்பின் மேல் புதிதாக எழுதவே வேண்டாம்.

2. கம்ப்யூட்டரை ஆன் செய்தவுடன் டெல் அல்லது எஃப்2 கீயை அழுத்தி பயாசுக்குள் செல்லுங்கள். எக்ஸ்எம்பியை (ஏஎம்டி போர்டுகளில் டிஓசிபி அல்லது எக்ஸ்போ) டிஸேபிள் செய்து, சேவ் செய்து வெளியே வாருங்கள். மற்ற செட்டிங்குகளைத் தொடாதீர்கள்.

3. திரையே வரவில்லையா? இரண்டு நிமிடம் பொறுத்திருங்கள். பல போர்டுகள் தாமாகவே பழைய செட்டிங்குக்குத் திரும்பும். அப்படியும் வராவிட்டால், பவர் கேபிளைக் கழற்றிவிட்டு, மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பேட்டரியை ஐந்து நிமிடம் வெளியே எடுத்து, மீண்டும் போடுங்கள். பயாஸ் ரீசெட் ஆகிவிடும். பிட்லாக்கர் போட்டிருந்தால் ரிகவரி கீயை முதலிலேயே எடுத்து வையுங்கள். விண்டோஸ் அதைக் கேட்கலாம்.

4. இப்போது ராமைச் சோதியுங்கள். ஸ்டார்ட் மெனுவில் விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக் என்று தேடி இயக்கலாம். இன்னும் கடுமையான சோதனைக்கு, மெம்டெஸ்ட்86+ என்ற இலவச புரோகிராமை பென் டிரைவில் போட்டு பூட் செய்து, இரவு முழுவதும் ஓட விடுங்கள். ஒரே ஒரு எரர் வந்தாலும் அது எரர்தான்.

5. பழைய செட்டிங்கிலும் எரர் வருகிறதா? ராம்களை ஒவ்வொன்றாகப் போட்டுச் சோதியுங்கள். ஒரே ராமில் மட்டும் எரர் வந்தால் அதையே வேறு ஸ்லாட்டில் போட்டுப் பாருங்கள். அங்கும் எரர் என்றால் ராம்தான் பழுது, வாரண்டியில் மாற்றுங்கள். எந்த ராமைப் போட்டாலும் ஒரே ஸ்லாட்டில் எரர் என்றால் சந்தேகம் மதர்போர்டின் மேல்.

6. பழைய செட்டிங்கில் எரரே இல்லை என்றால், குற்றவாளி நீங்கள் மாற்றிய செட்டிங்தான். வேகம் வேண்டுமென்றால் 3200க்குப் பதில் 2933 அல்லது 2666 வைத்து மீண்டும் சோதியுங்கள். வோல்டேஜை நீங்களாக ஏற்ற வேண்டாம்.

ராம் சோதனையில் தேறிய பிறகுதான் சிஸ்டம் ஃபைல் செக்கரை இயக்கி விண்டோசைச் சரிபார்க்க வேண்டும். கிராஷ் ஆன நாட்களில் காப்பி செய்த ஃபைல்களைத் திறந்து பாருங்கள். ஒரிஜினல் இருந்தால் மறுபடி காப்பி செய்யுங்கள்.

மாமா வீட்டு கம்ப்யூட்டர் 2666ல் இன்றும் நன்றாக ஓடுகிறது. வேகம் குறைந்ததாக யாரும் சொல்லவில்லை. அத்தை மட்டும் அந்தப் போட்டோக்களை இன்னும் கேட்கிறார்.