உயில் வழக்கில் நீங்களும் நுழைவது எப்படி?

இறந்துபோன பெரியவரின் உயிலை வைத்து ஒருவர் புரோபேட் (உயிலை உறுதிசெய்யும் நீதிமன்ற ஆணை) கேட்டு மனுப் போட்டிருக்கிறார். மனுவில் உங்கள் பெயர் இல்லை. ஆனால் உயில் உறுதியானால் உங்கள் பங்கு போய்விடும். என்ன செய்யலாம்?

1. உங்கள் உரிமை எங்கிருந்து வருகிறது?
முதலில் இதைத் தீர்த்துக்கொள்ளுங்கள். மற்ற எல்லாம் இதைப் பொறுத்ததுதான். "இந்த உயில் இல்லாவிட்டால் எனக்குப் பங்கு வரும்" என்று சொல்லக்கூடியவர் உள்ளே வரலாம். விடுபட்ட மகள், முன்பே இறந்த மகனின் பிள்ளைகள், முந்தைய உயிலில் பங்கு பெற்றவர் ஆகியோர் இந்த வகை. "அந்த வீடு அவருடையதே இல்லை, என்னுடையது" என்பவர் இந்த வழக்குக்கு வெளியாள். 2008இல் பிர்லா குடும்ப உயில் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. புரோபேட் நீதிமன்றம் உயில் உண்மையா என்று மட்டுமே பார்க்கும். சொத்து யாருடையது என்று பார்க்காது. அதற்குத் தனி உரிமையியல் வழக்குதான் வழி. கடன் கொடுத்தவருக்கும் இங்கே பெரும்பாலும் வேலையில்லை. யார் கைக்குப் போனாலும் இறந்தவரின் சொத்து அந்தக் கடனுக்குப் பொறுப்பு.

2. வழக்கின் நிலையைக் கண்டுபிடியுங்கள்
மனு சென்னை உயர் நீதிமன்றத்திலா, மாவட்ட நீதிமன்றத்திலா என்று விசாரித்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்திய வாரிசுரிமைச் சட்டம், 1925இன் 283ஆம் பிரிவுப்படி, அக்கறை உள்ளவர்கள் வரலாம் என்று நீதிமன்றம் அறிவிப்பு விடலாம். அது நீதிமன்றத்திலும் கலெக்டர் அலுவலகத்திலும் ஒட்டப்படும். மனு, உயில் நகல்களைக் கேட்டு வாங்குங்கள்.

3. கேவியட் போடுங்கள்
284ஆம் பிரிவின்கீழ் கேவியட் தாக்கல் செய்தால், உங்களுக்கு நோட்டீஸ் தராமல் மனுவை நகர்த்த முடியாது. உரிமையியல் நடைமுறைச் சட்டம் 148ஏ பிரிவில் வரும் 90 நாள் கேவியட் வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம். இறந்தவரோடு உங்களுக்குள்ள உறவு, உங்கள் பங்கு, ஆட்சேபணைக்கான காரணம் ஆகியவற்றை அஃபிடவிட்டில் எழுதுங்கள். வாரிசுச் சான்றிதழ், இறப்புச் சான்றிதழ்களைச் சேர்த்துக் கொடுங்கள். அஃபிடவிட்டுக்கான கெடு குறுகியது. காரணங்களை முன்கூட்டியே தயாராக வையுங்கள்.

4. எதிர்வாதியாக வாதாடுங்கள்
ஆட்சேபணை வந்தால் 295ஆம் பிரிவுப்படி மனு வழக்காக மாறும். சென்னை உயர் நீதிமன்றத்தில் ஓ.பி. (மனு) எண் டி.ஓ.எஸ். (உயில் வழக்கு) எண்ணாகிவிடும். மனுதாரர் வாதி, நீங்கள் எதிர்வாதி. ஏற்கெனவே நடக்கும் பாகப்பிரிவினை வழக்கில் உயில் பிரச்சினை எழுந்திருந்தால் கேவியட் உதவாது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 1 விதி 10இன்கீழ், உங்களையும் தரப்பாகச் சேர்க்கக் கேட்டு இம்ப்ளீட் மனு போட வேண்டும்.

5. எதைத் தேடுவது?
உயிலை நிரூபிக்கும் பொறுப்பு அதைக் கொண்டுவந்தவருடையது. இரண்டு சாட்சிகள் கையெழுத்திட்டிருக்க வேண்டும். உயிரோடு இருப்பவரில் ஒருவரையாவது கூண்டில் ஏற்றியாக வேண்டும். அவரைக் குறுக்கு விசாரணை செய்யும் நேரம் உங்களுக்கு முக்கியம். பெரும் பங்கு பெறுபவரே முன்னின்று எழுதவைத்தாரா? அந்த நாளில் பெரியவர் ஆஸ்பத்திரியில் இருந்தாரா? பேங்க், பத்திரப் பதிவு ஆவணங்களில் உள்ள கையெழுத்தோடு ஒத்துப்போகிறதா? சந்தேகங்களைப் போக்க வேண்டியவர் உயிலைக் கொண்டுவந்தவர்தான். மிரட்டி எழுதி வாங்கியதாகவோ மோசடி என்றோ சொன்னால் மட்டும், அதை நிரூபிப்பது உங்கள் பொறுப்பு. ஆதாரம் இல்லாமல் அதை எழுதிவிடாதீர்கள்.

6. புரோபேட் கொடுத்தாகிவிட்டதா?
கதவு முழுதாகச் சாத்தப்படவில்லை. உங்களுக்கு நோட்டீஸ் தராமலோ உண்மையை மறைத்தோ வாங்கியிருந்தால் 263ஆம் பிரிவின்கீழ் ரத்து கேட்கலாம். காலக்கெடு 3 ஆண்டு. உங்களுக்குத் தெரியவந்த நாளிலிருந்து இல்லை, புரோபேட் வழங்கிய நாளிலிருந்தே கணக்கு.

7. செலவுக்கு வழி
பெண்களுக்கு வருமான வரம்பு பாராமல் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். மனு எண், உயில் நகல், உறவுக்கான சான்றுகளோடு போய்க் கேளுங்கள்.