ஈரல் மாற்றியவருக்கு வயிற்றில் குழாய் ஏன்?

மழைக்கு முன்னே மலையில் கான் வெட்டுகிறோம். தண்ணீர் தேங்கினால் தேயிலை வேர் அழுகிப்போகும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஈரல் மாற்று ஆபரேஷன் செய்தவரின் வயிற்றில் டாக்டர்மார் குழாய் வைப்பதும் இதற்குத்தான். வெட்டித் தைத்த இடத்தில் ஊறும் இரத்தமும் நீரும் உள்ளே தேங்கக்கூடாது.

இது பணக்காரர் வைத்தியம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். ராகமை அரசாங்க ஆஸ்பத்திரியிலும் செய்கிறார்கள். 1998இல் டில்லி அப்பல்லோ ஆஸ்பத்திரியில், காஞ்சிபுரத்துக் குழந்தை ஒன்றுக்கு, வயது 20 மாதம்தான், தகப்பனின் ஈரலில் ஒரு பகுதியை எடுத்து வைத்தார்கள். அந்தப் பிள்ளை இன்று டாக்டர். கொடுத்தவரின் ஈரலும் சில மாதத்தில் வளர்ந்துவிடும்.

பலருக்குக் குழாயை ஆஸ்பத்திரியிலேயே எடுத்துவிடுவார்கள். சிலர் குழாயோடுதான் லயத்துக்கு வருவார்கள். அப்போது பொறுப்பு வீட்டாருடையது. சவர்க்காரம் போட்டுக் கை கழுவாமல் குழாயைத் தொடாதீங்க. போத்தல் எப்போதும் காயத்துக்குக் கீழேயே இருக்கணும். இழுபடாமல் உடுப்பில் ஊசி குத்தி வையுங்கள். பாதி நிறைந்ததும் ஊற்றி அளந்து, போத்தலை நசுக்கிக் காற்றை வெளியேற்றி மூடுங்கள். திகதி, நேரம், அளவு, நிறம் நான்கையும் கொப்பியில் எழுதணும். கொழுந்து நிறுத்தால் இறாத்தலை எழுதாமல் விடுவோமா?

நிறம்தான் முக்கியம். முதலில் சிவப்பாக வந்து, பிறகு வெளிறிய மஞ்சளாகும். அது நல்லது. பச்சையாகவோ கடும் மஞ்சளாகவோ வந்தால் பித்தம் ஒழுகுகிறது என்று சந்தேகிக்க வேண்டும். திடீரென்று புது இரத்தம், கலங்கிய நாற்ற நீர், 38 பாகை காய்ச்சல், கண் மஞ்சளாதல், இதில் ஒன்று கண்டாலும் அன்றைக்கே போங்க. "இன்னைக்குப் போனா ஒரு பேர் போயிருமே" என்று மறுநாளுக்குத் தள்ளவேண்டாம். எல்கடுவைப் பக்கமிருந்து மாத்தளைக்கு இறங்கவே நேரம் பிடிக்கும். குழாய் கழன்றால் திரும்பச் செருகக்கூடாது. சுத்தமான துணியால் மூடிக்கொண்டு போங்கள். மஞ்சளோ சாம்பலோ பூசவே கூடாது. பீலியில் குளிப்பும் இப்போது வேண்டாம். டாக்டர் சொல்லும்வரை தண்ணீர்க் குடமும் விறகுக் கட்டும் தூக்கக்கூடாது.

டாக்ரோலிமஸ் குளிசையை 12 மணித்தியாலத்துக்கு ஒருமுறை, தவறாமல். இரத்தம் சோதிக்கும் காலையில் மட்டும் இரத்தம் எடுத்த பிறகு குடிக்கணும். ஜம்போலாப் பழமும் நாட்டு மருந்தும் அந்தக் குளிசையோடு சேராது.

குழாயை எடுத்த பிறகு அந்த ஓட்டையில் ஓரிரு நாள் ஈரம் கசியலாம். துணி நனைந்துகொண்டே இருந்தால், கொப்பியையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.