ரிசல்ட் வரட்டும், அப்புறம் பார்க்கலாம்?

"பிசிக்ஸ் மேல படிச்சு என்ன செய்யப் போற? ஒரு பி.எட். முடிச்சு டீச்சராப் போயிரு." வடகரையிலும் பண்பொழியிலும் அச்சன்புதூரிலும் இருந்து குற்றாலம் பராசக்தி கல்லூரிக்கு பஸ் ஏறும் பெண்களுக்கு இந்த அறிவுரை தினப்படி கிடைக்கிறது. ஆசிரியர் வேலை உயர்ந்த வேலைதான். நல்ல இயற்பியல் ஆசிரியர் வாய்த்த பள்ளி கொடுத்துவைத்தது. ஆனால் பாதை அது ஒன்றுதான் என்பது உண்மையில்லை.

அடுத்த தவறான நம்பிக்கை, "விண்வெளி, இஸ்ரோ எல்லாம் இன்ஜினீயரிங் படிச்சவங்களுக்கு." இதற்கு நம் பக்கத்திலேயே சாட்சி இருப்பதாகச் சொல்வார்கள். செங்கோட்டையில் பள்ளிப் படிப்பு முடித்து, திருநெல்வேலி அரசுப் பொறியியல் கல்லூரியில் மின்னணுவியல் படித்த நிகர் ஷாஜிதான், சூரியனை ஆராயும் ஆதித்யா எல்-1 திட்டத்தின் இயக்குநர். அது நமக்கெல்லாம் பெருமை. ஆனால் 2023 செப்டம்பர் 2 அன்று கிளம்பிய அந்த விண்கலத்தில் சூரியனின் வெளி வளிமண்டலமான கரோனாவைப் படமெடுக்கும் முதன்மைக் கருவியை உருவாக்கியது பெங்களூருவில் உள்ள இந்திய வானியற்பியல் நிறுவனம். சூரியனில் எதை அளக்க வேண்டும், வந்த தரவு என்ன சொல்கிறது என்று பார்ப்பது இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றவர்களின் வேலை.

"அஞ்சு வருஷம் பிஎச்.டி. படிக்க வைக்க அப்பாவுக்கு வசதி வேணுமே" என்ற பயமும் உண்டு. சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய், அதன்பின் 42,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. 2023 ஜனவரி முதல் இந்தத் தொகைதான். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்திலும் சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்திலும் பி.எஸ்சி. முடித்த கையோடு ஒருங்கிணைந்த பிஎச்.டி.யில் சேரலாம், அங்கே உதவித்தொகையும் உண்டு. இன்னொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும்: உதவித்தொகை இல்லாமல் கட்டணம் கட்டிப் பிஎச்.டி. செய்கிறவர்களும் இருக்கிறார்கள். சேருவதற்கு முன்பே அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இப்போது, எல்லாவற்றிலும் அதிகக் கெடுதல் செய்யும் நம்பிக்கைக்கு வருகிறேன். "ரிசல்ட் வரட்டும், அப்புறம் பார்க்கலாம்." ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேருவதற்கான ஜாம் தேர்வு பிப்ரவரியில் நடக்கும். விண்ணப்பிக்கும் காலமோ அதற்கு முந்தைய செப்டம்பர், அக்டோபர். கணித அறிவியல் நிறுவனத்துக்கான ஜெஸ்ட் தேர்வும் பி.எஸ்சி. கடைசி செமஸ்டர் முடியும் முன்பே வந்துவிடும். கோடையில் ரிசல்ட்டைக் கையில் வாங்கி, குற்றாலத்தில் சீசன் தொடங்கும் நேரத்தில் "எங்கே சேரலாம்" என்று கேட்கிற மாணவிக்கு இந்த இடங்களின் வாசல்கள் அந்த வருடத்துக்கு மூடியிருக்கும். புத்தியும் இருந்தது, உழைக்கிற மனமும் இருந்தது. தகவல்தான் எட்டு மாதம் பிந்தி வந்தது. இதை நினைக்கும்போது எனக்கு உண்மையிலேயே மனசு ஆறவில்லை. மூன்றாம் ஆண்டு வகுப்பு தொடங்கும் முதல் வாரத்திலேயே இந்தத் தேதிகளைத் துறையின் அறிவிப்புப் பலகையில் ஒட்டிவைத்தால் போதும். காசு பணம் செலவில்லை.

பிளஸ் டூவில் ஜே.இ.இ. எழுதாதவர்களுக்கு ஐ.ஐ.டி. எட்டாது என்பதும் தவறு. ஜாம் எழுத வயது வரம்பு கிடையாது, இறுதியாண்டில் இருக்கும்போதே எழுதலாம். மூன்று மணி நேரம், 60 கேள்விகள், 100 மதிப்பெண்கள். கல்லூரியில் 95 வாங்கியவர் இங்கே தடுமாறுவதுண்டு. அவருக்கு மூளை போதாது என்று அர்த்தமில்லை. நம் செமஸ்டர் தேர்வு பெரும்பாலும் சூத்திரத்தை வருவித்து எழுதச் சொல்கிறது. இந்தத் தேர்வோ கணக்கைப் போட்டு எண்ணை எழுதச் சொல்கிறது, சில கேள்விகளுக்குத் தேர்ந்தெடுக்க விடைகளே தந்திருக்காது. பழைய வினாத்தாள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. இரண்டாம் ஆண்டிலிருந்தே நாளுக்கு இரண்டு கணக்கு போட்டுப் பழகினால் அந்தத் தடுமாற்றம் குறையும்.

"ஆராய்ச்சின்னா அமெரிக்கா போகணும்." போகலாம், தடையில்லை. ஆனால் சிற்பங்களைப் பார்க்க நாம் போய்வரும் கிருஷ்ணாபுரத்திலேயே இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் ஒன்று இருக்கிறது. தொங்கவிட்ட காந்த ஊசி இரு பக்கமும் சாயாமல் கிடைமட்டமாக நிற்கும் இடங்களைச் சேர்த்தால் வருவது காந்த நடுக்கோடு. அது நம் தென்கோடி வழியாகப் போகிறது. அதற்கு நேர்மேலே சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில் பகல் நேரத்தில் கிழக்கு நோக்கி ஒரு மின்னோட்டம் பாய்கிறது. இந்த மின்னோட்டத்தை ஆராயத்தான் திருவனந்தபுரம் அருகே உள்ள தும்பாவைத் தேர்ந்தெடுத்து, 1963 நவம்பர் 21 அன்று அங்கிருந்து முதல் ராக்கெட்டை ஏவினார்கள். காந்த நடுக்கோடு கடந்துபோவது உலகத்தில் சில நாடுகளுக்கே வாய்த்தது. இங்கே இருந்து அதை ஆராய நம் பிள்ளைகளைவிட உரிமை உள்ளவர்கள் யார்?

பிஎச்.டி. முடித்தால் பேராசிரியர் வேலை உறுதி என்று யாராவது சொன்னால் அதையும் நம்ப வேண்டாம். நிரந்தரப் பணியிடங்கள் குறைவு. கௌரவ விரிவுரையாளராகவே ஆண்டுகளைக் கழிப்பவர்கள் இருக்கிறார்கள். கணினி நிரலும் தரவுக் கையாளலும் சேர்த்துக் கற்றவர்களுக்கு வேறு துறைகளிலும் இடம் கிடைக்கிறது. ஆகவே எம்.எஸ்சி.யின்போதே நிரல் எழுதப் பழகிவிடுவது நல்லது.

பெண் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு தகவல். "வயசு போயிரும்" என்று எம்.எஸ்சி.யோடு நிறுத்திவிடுகிறீர்கள். ஜே.ஆர்.எஃப். தேர்வில் பெண்களுக்கு வயது வரம்பில் ஐந்து ஆண்டு தளர்வு உண்டு. கல்யாணம் முடிந்து, குழந்தை பிறந்து, அதன் பிறகு எழுதுவதற்கும் அந்த விதியில் இடமிருக்கிறது.