பத்து நிமிடமும் ஒரு பலகையும்

ஆண்டுக் கணக்கில் உழைத்துக் கண்ட முடிவை எடுத்துரைக்க ஆய்வு மாணவனுக்கு மாநாடுகளில் வாய்ப்பவை இரண்டே: ஒரு சுவரொட்டி மாட்டப் பலகை இடம், அல்லது மேடையில் பத்து நிமிடம். இரண்டையும் நம்மவர் பெரும்பாலும் வீணாக்கி விடுகிறோம். பிறரைக் குறை கூறவில்லை. முதற்கண் என்னையே சொல்லுகிறேன்.

சென்ற ஆண்டு ஒரு மாநாட்டில் என் சுவரொட்டியின் அருகே இரண்டு மணி நேரம் நின்றேன். நிலத்தடி நீரில் கலந்துள்ள புளூரைடை அலுமினாவைக் கொண்டு நீக்குவது என் ஆய்வு. முன்னுரை, செய்முறை, சமன்பாடுகள், ஏழு வரைபடங்கள், முடிவுரை யாவும் அதில் இருந்தன. வந்தவர்கள் எட்ட நின்று நோக்கினர்; நகர்ந்தனர். பேராசிரியர் ஒருவர் மட்டும் நெருங்கி வந்து, "இதில் நீர் கண்டது என்ன?" என்று ஆங்கிலத்தில் வினவினார். நான் வாய் திறவாமல், முடிவுரை இருந்த மூலையை விரலால் சுட்டினேன். அவர் புன்முறுவலுடன் அடுத்த பலகைக்குச் சென்றுவிட்டார்.

விடுதிக்குத் திரும்பிய பின்னரே உண்மை புலப்பட்டது. நான் பலகையை எழுத்தால் நிரப்பியது அறிவு மிகுதியால் அன்று. ஆங்கிலத்தில் பேச அஞ்சியே. நம் தோழர் பலருடைய நிலையும் இதுவே என்று அறிவேன்.

ஆனால் சுவரொட்டி பேச்சுக்கு மாற்றாக வந்ததன்று. 1969இல் மாட்ரிட் நகரில் கூடிய ஐரோப்பிய உயிர்வேதியியலாளர் மாநாட்டிலும், பின்னர் 1974இல் அமெரிக்காவின் மின்னியாபொலிஸிலும் இம்முறை கைக்கொள்ளப்பட்டது. மேடையில் பேசுவோனை இடைமறித்துக் கேட்க இயலாது. பலகையின் முன் நின்றால் இயலும். அங்கே பேச வேண்டியவன் ஆய்வாளன். தாள் அவனுக்குத் துணை.

முதலில் தலைப்பைத் திருத்தினேன். "அலுமினாவின் மீது புளூரைடு அயனியின் பரப்புக் கவர்ச்சி பற்றிய ஓர் ஆய்வு" என்று இட்டிருந்தேன். அது பொருளின் பெயர். கண்ட செய்தி அன்று. இப்பொழுது, "நீரில் காரம் மிகுந்தால் அலுமினா புளூரைடைப் பிடிப்பது குறைகிறது" என்று இருக்கிறது. படித்தவர்க்கு "ஏன்?" என்று கேட்கத் தோன்றுமன்றோ? ஏழு வரைபடங்களில் ஒன்றையே வைத்துக்கொண்டேன். உலக சுகாதார நிறுவனம் குறித்துள்ள எல்லையாகிய லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்பதை அதன் குறுக்கே தடித்த கோடாக இழுத்தேன். கோட்டுக்குக் கீழே இறங்கினால் அந்த அளவில் நீர் தேறியது. மேலே நின்றால் தேறவில்லை. இராசஸ்தானத்துக் கிணற்று நீரை ஆய்பவர் இதைக் கண்டால் நிற்பார்.

அளவுகளும் முக்கியம். ஏ0 தாள் ஏறத்தாழ 84க்கு 119 சென்டிமீட்டர். தலைப்பு ஓர் அங்குல எழுத்து, அதாவது 72 புள்ளி. மற்றவை 24 புள்ளிக்குக் குறையலாகாது. சிவப்பும் பச்சையும் பிரித்தறிய இயலாதவர் உண்டாதலால், வண்ணத்தை மட்டும் நம்பாமல் வட்டம், சதுரம் எனக் குறிகளையும் வேறுபடுத்துக.

பேச்சுக்கு வருவோம். பத்து நிமிடம் என்றால் எட்டு நிமிடமே நம்முடையது, எஞ்சியது வினாக்களுக்கு. பலர் முன்னோர் செய்த ஆய்வுகளை ஆறு நிமிடம் அடுக்குகின்றனர், மணி அடிக்கிறது, தாம் கண்டதைச் சொல்லாமலே இறங்குகின்றனர். முடிவை இரண்டாம் நிமிடத்திலேயே சொல்லிவிட வேண்டும். பின்னர் அதற்குச் சான்று காட்டலாம். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்துப் பல்கலைக்கழகம் 2008இல் தொடங்கிய போட்டியில் ஆய்வேடு முழுவதற்கும் மூன்றே நிமிடம், ஒரே ஸ்லைடு! இறுதியில் "நன்றி" என்று ஒரு ஸ்லைடு போடும் வழக்கத்தை நான் விட்டுவிட்டேன். வினா நேரம் முழுதும் அவையினர் கண்முன் என் வரைபடமே நிற்கட்டும்.

ஆங்கில அச்சத்துக்கு நான் கண்ட மருந்து தமிழே. வரலாறு பயிலும் என் அறைத் தோழனிடம் தமிழில் விளக்கினேன். "காரம் மிகுந்தால் ஹைட்ராக்சைடு அயனிகள் ரயிலில் துண்டு போடுவதுபோல் முந்திக்கொண்டு இடம் பிடித்துவிடும்; புளூரைடுக்கு இடம் ஏது?" என்று என் வாயிலிருந்து தானாக வந்தது. அதையே சிறு சிறு ஆங்கில வாக்கியங்களாக்கி, கடிகாரத்தை முன்வைத்து ஐந்து முறை உரக்கச் சொல்லிப் பார்த்தேன். மனத்துக்குள் படித்துப் பார்த்தல் பயன்படாது. நேரம் குறைவாகவே காட்டும். ஈராண்டில் எனக்கே விளங்காதிருந்த இரண்டு இடங்களும் அத்தோழனின் கேள்விகளால்தான் வெளிப்பட்டன.

அண்மையில் எங்கள் துறைக் கூட்டத்தில் திருத்திய சுவரொட்டியை மாட்டினேன். ஒருவர் நின்று, "நீரில் பாஸ்பேட்டும் இருந்தால்?" என்று கேட்டார். "அதுவும் இடத்துக்குப் போட்டியிடும், எவ்வளவு என்று நான் அளந்து பார்க்கவில்லை" என்றேன். அவர் தம் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, எந்தச் செறிவில் தொடங்கலாம் என்று எழுதிக் கொடுத்தார். அத்தாள் இப்பொழுது என் ஆய்வுக்கூட மேசையின்மேல் ஒட்டப்பட்டிருக்கிறது.