கம்பியற்ற வலையமைப்பில் பின்னூட்டற் சுமையைக் குறைத்தல்

நோன்புப் பெருநாளுக்கு முதல்நாள் இரவு கல்முனை பஸாரில் நூற்றுக்கணக்கான கையடக்கத் தொலைபேசிகள் ஒரே கோபுரத்தைப் பயன்படுத்துகின்றன. அதே கோபுரத்தின் எல்லையில், கடலில் ஒரு தோணியும் நிற்கிறது. கோபுரம் யாருக்கு முதலில் தரவை அனுப்பும்?

1. அட்டவணைப்படுத்தல்

இலங்கையில் 2013 முதல் கையடக்கத் தொலைபேசிகளுக்கு வழங்கப்படும் எல்.ரீ.ஈ. எனும் நான்காம் தலைமுறை வலையமைப்பில், கோபுரம் 1 மில்லிசெக்கனுக்கு ஒரு தடவை இதனைத் தீர்மானிக்கிறது. இதுவே அட்டவணைப்படுத்தல் எனப்படும். இதற்காக ஒவ்வொரு தொலைபேசியும் தனக்குக் கிடைக்கும் சமிக்ஞையின் தரத்தை 0 முதல் 15 வரையான எண்ணாக அறிவிக்கும். 2⁴ = 16 ஆதலால் இதற்கு 4 பிற்றுக்கள் போதும். இவ்வறிவித்தல் பின்னூட்டல் ஆகும்.

2. பிரச்சினை

10 மெகாஹேட்ஸ் பட்டையில் 50 வளத் தொகுதிகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே அறிவித்தால்:
50 × 4 = 200 பிற்றுக்கள்
100 தொலைபேசிகளுக்கு: 20,000 பிற்றுக்கள்.
படம், குரல் முதலியன கோபுரத்திற்குச் செல்லும் பாதையையே இவ்வறிக்கைகளும் பயன்படுத்துகின்றன. மின்கலமும் விரைவில் தீரும்.

3. குறைக்கும் வழிகள்

(அ) தொகுத்தலும் வேறுபாட்டை அனுப்புதலும்: 6 தொகுதிகள் வீதம் சேர்த்தால் 9 குழுக்கள் கிடைக்கும் (இறுதிக் குழுவில் 2 மட்டும்). முழுப் பட்டைக்கும் 4 பிற்றுக்கள். ஒவ்வொரு குழுவின் வேறுபாட்டுக்கும் 2 பிற்றுக்கள்.
4 + (9 × 2) = 22 பிற்றுக்கள்
(ஆ) இடைவெளியை நீட்டுதல்: அசையாதிருக்கும் தொலைபேசியின் தரம் மெதுவாகவே மாறும். அறிக்கைகளின் இடைவெளியை 160 மில்லிசெக்கன் வரை நீட்டலாம். ஓடும் பஸ்ஸில் இது பொருந்தாது, அறிக்கை பழையதாகிவிடும்.
(இ) எல்லைப் பெறுமானம்: தரம் குறித்த அளவைத் தாண்டினால் மட்டும் அறிவித்தல். ஆய்வாளர்கள் முன்வைத்துள்ள முறை இது.

4. கவனிக்க

எல்லாருக்கும் எல்லை 10 எனக் கொள்வோம். பஸாரிலுள்ள தொலைபேசியின் தரம் 11, அது அறிவிக்கும். தோணியிலுள்ளதன் தரம் 6. அது ஒருபோதும் பேசாது. காலநிலை எச்சரிக்கை யாருக்கு அவசியமோ அவருக்கே முறை கிடைக்காது!

ஆகவே ஒவ்வொரு தொலைபேசியும் தனது சராசரியுடன் ஒப்பிடுதல் நன்று. தோணியின் சராசரி 4, இப்போது 6: அறிவிக்கும். பஸாரின் சராசரி 12, இப்போது 11: மௌனமாயிருக்கும். எவரும் அறிவிக்காதபோது கோபுரம் முறைவைத்து வழங்கலாம்.

நினைவிற் கொள்க: சுமையைக் குறைக்கும் முறை, நலிந்த சமிக்ஞை உடையவரை விலக்கிவிடக் கூடாது.

பயிற்சி

1. 40 தொலைபேசிகள் 200 பிற்றுக்களுக்குப் பதிலாக 22 பிற்றுக்கள் வீதம் அறிவித்தால் மீதமாகும் பிற்றுக்கள் எத்தனை?
2. வழி (ஆ) ஓடும் பஸ்ஸுக்குப் பொருந்தாமைக்குக் காரணம் தருக.
3. பொது எல்லைப் பெறுமானத்தின் குறைபாடு ஒன்றையும் அதற்கான தீர்வையும் எழுதுக.

விடை (1): 40 × 178 = 7,120 பிற்றுக்கள்.