மார்கழித் தோட்டம்

அடைமழை ஓய்ந்து பனி இறங்கும் மார்கழியில் மாடித்தோட்டத்தில் முள்ளங்கி, கேரட், பீட்ரூட் அருமையாக வரும். கேரட்டையும் முள்ளங்கியையும் நாற்றுவிட்டு நடாதீர்கள், கிழங்கு கோணிக்கொள்ளும். தொட்டியிலேயே நேராக விதையுங்கள். கொத்தமல்லி விதையைச் செருப்பின் அடியில் வைத்து லேசாகத் தேய்த்து, இரண்டாக உடைத்துத் தூவினால் சீக்கிரம் முளைக்கும். (பழைய வழிதான், பலன் குறையாது.)

விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் ஒட்டினால் அன்று தண்ணீர் வேண்டாம். ஊற்றுவதானால் காலையில் வேரில் ஊற்றுங்கள். மாலையில் இலை நனைந்தால் பூஞ்சாணம் வரும்.

மல்லிகையைக் கார்த்திகைக் கடைசியில் தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டுக் கவாத்து செய்யுங்கள். மொட்டையாக நிற்பதைப் பார்க்க மனசு கேட்காது; ஆனாலும் வெட்டத்தான் வேண்டும். வெட்டாத செடியில் பூ குறைவு.

மாவுப்பூச்சிக்கு 1 லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து, வெயில் ஏறுமுன் இலையின் அடிப்பக்கம் தெளியுங்கள்.